அன்னதானத்துக்கு லோன் வாங்கலாமா? எங்க சாரிட்டி எடுத்த சோஷியல் லோன் பத்தி ஒரு ரிவியூ

வடமேற்கு லண்டன்ல வயசான தமிழங்களுக்கு மதிய சாப்பாடு போடற ஒரு சின்ன சாரிட்டிக்கு நான் ட்ரெஷரர். சொந்த ஊர் திருச்சி, பகல்ல ஒரு ஆஃபீஸ்ல பேரோல் வேலை, சாயங்காலமும் சனிக்கிழமையும் இந்த கணக்கு. எங்ககிட்ட சமைக்கறவங்களும் சாப்பிடறவங்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரங்க. யுத்த காலத்துல இங்க வந்து, பிள்ளைங்களை ஆளாக்கி, இப்ப எழுபது எண்பது வயசுல தனி வீட்டுல இருக்கறவங்க. 2024 மார்ச்ல நாங்க ஒரு சோஷியல் லெண்டர்கிட்ட, அதாவது சாரிட்டி மாதிரி அமைப்புங்களுக்கு கடன் தர்ற இடத்துல, 40,000 பவுண்ட் லோன் எடுத்தோம். ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, அசலோட சேத்து 14 தவணை கட்டியாச்சு. இந்த மாதிரி லோன் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாக்கல, கோயில் கமிட்டி, தமிழ் பள்ளிக்கூடம், ஊர்ச் சங்கம்னு நம்மாளுங்க இங்க எவ்ளோ சாரிட்டி நடத்தறாங்க, அவங்களுக்கு உதவட்டுமேன்னுதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், லோன் கொடுத்தவங்க பேரை போட மாட்டேன். நல்லதும் சொல்லப்போறேன், குறையும் சொல்லப்போறேன், எங்க ஒரு அனுபவத்தை வெச்சு அவங்க பேரை ஊர் முழுக்க இழுக்கறது நியாயமா படல. எங்களை மாதிரி சாரிட்டிக்கு லோன் தர்ற அமைப்பு இங்க நிறைய இருக்கு, வேலை செய்யற விதம் ஓரளவுக்கு ஒண்ணுதான், அதனால நான் சொல்றது உங்களுக்கும் பொருந்தும்.

லோன் ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, வேன். எங்ககிட்ட இருந்தது 2011 டீசல் வேன், நல்லா ஓடிட்டு இருந்துச்சு. 2023 ஆகஸ்ட் 29ல இருந்து யூலெஸ், அதாவது புகை கூட விடற வண்டிக்கு காசு வாங்கற திட்டம், லண்டன் முழுக்க வந்துடுச்சு, பழைய டீசல் வண்டியை வெளில எடுத்தாலே அன்னிக்கு 12.50 பவுண்ட். ரெண்டு நாள் சாமான் வாங்க, ரெண்டு நாள் சாப்பாட்டுக்கு, ஆக வாரத்துக்கு நாலு நாள், 50 பவுண்ட். அதோட ஹால் கிச்சன் வேற, நாலு அடுப்பு, வீட்டு ஃப்ரிட்ஜ் ரெண்டு, அறுபது பேருக்கு மேல அதுல சமைக்க முடியாது. வெயிட்டிங் லிஸ்ட்ல முப்பது பேர் இருந்தாங்க. அதுல பாதி பேரால ஹாலுக்கே நடந்து வர முடியாது, வீட்டுக்குத்தான் கொண்டு போகணும். வேற வேன், பெரிய அடுப்பு, ஒரு நல்ல ஃப்ரிட்ஜ், ஹாட் பாக்ஸ் எல்லாம் சேத்து 48,000 பவுண்ட்னு கணக்கு வந்துச்சு. பேங்க்ல எங்க ரிசர்வ் இருந்தது 22,000, அதை தொட்டா சம்பளம் கொடுக்க முடியாம போயிடும்.

கிராண்டுக்கு, அதாவது திருப்பி தர வேண்டாத உதவிப் பணத்துக்கு, நாலு இடத்துல எழுதினோம். ரெண்டு இடத்துல பதிலே இல்ல, ஒரு இடத்துல வேனுக்கெல்லாம் தர மாட்டோம் ப்ராஜெக்டுக்குத்தான்னு சொன்னாங்க. சாதாரண பேங்க் ஒண்ணுக்கு போனோம், பத்து வருஷமா அக்கவுண்ட் வெச்சிருக்கற பேங்க், ட்ரஸ்டி யாராவது வீட்டை காட்டி சொந்த கையெழுத்துல கேரண்டி போடுங்கன்னாங்க. சம்பளம் வாங்காம வேலை செய்யற மனுஷங்ககிட்ட அவங்க குடியிருக்கற வீட்டை கேக்கறது எனக்கு சரியா படல, யார்கிட்டயும் நான் கேக்கவும் இல்ல, அங்கேயே எழுந்து வந்துட்டோம். சோஷியல் லெண்டர்கிட்ட எனக்கு முதல்ல பிடிச்சது இதுதான், ஈடு இல்ல, சொந்த கேரண்டி இல்ல, சாரிட்டியோட வரவு செலவை மட்டும்தான் பாத்தாங்க.

ஆனா எங்க கமிட்டில ஒத்துக்க வைக்கறதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. எங்க சேர்மன் ஐயா யாழ்ப்பாணத்துல வாத்தியாரா இருந்தவர், அவர் என்னை நேரா பாத்து கேட்டார், "கடன் எடுத்தோ பிள்ளை சாப்பாடு குடுக்கப் போறம்? நாளைக்கு ஏலாமப் போச்செண்டா ஆர் கட்டுறது?" கேள்வி நியாயமான கேள்வி. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி இந்த காசு எங்கிருந்து வருதுன்னு நானே போய் படிச்சேன்.

இங்கிலாந்துல பேங்க் அக்கவுண்டை 15 வருஷமா யாருமே தொடலன்னா அது உறங்கற அக்கவுண்ட். 2008ல ஒரு சட்டம் போட்டு, அந்த பணத்தை நல்ல காரியத்துக்கு எடுத்துக்கலாம், சொந்தக்காரர் எப்ப வந்து கேட்டாலும் திருப்பி கொடுத்துடணும்னு ஏற்பாடு பண்ணாங்க. அதுல இருந்து 40 கோடி பவுண்ட் வரைக்கும்னும், பார்க்லேஸ், எச்எஸ்பிசி, லாய்ட்ஸ், ஆர்பிஎஸ்னு நாலு பெரிய பேங்க்கிட்ட இருந்து 20 கோடின்னும் வெச்சு 2012ல பிக் சொசைட்டி கேபிடல்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 2024ல அதுக்கு பெட்டர் சொசைட்டி கேபிடல்னு பேர் மாத்திட்டாங்க. இவங்க நேரா நமக்கு லோன் தர மாட்டாங்க, இவங்க மொத்த வியாபாரி. திருச்சி காந்தி மார்க்கெட்ல மண்டிக்காரர் மூட்டை கணக்குல போட, நம்ம தெரு கடைக்காரர் வாங்கிட்டு வந்து கிலோ கணக்குல நமக்கு விப்பார் இல்லையா, அதே மாதிரி இவங்க லெண்டர்களுக்கு போடறாங்க, லெண்டர் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு கொடுக்கறாங்க. இதை நான் ஐயாகிட்ட சொன்னப்ப, கேக்க ஆள் இல்லாம கிடந்த காசா அதுன்னு கொஞ்ச நேரம் யோசிச்சார், அப்புறம் சரி மேல சொல்லுன்னார்.

இன்னொண்ணும் சொன்னேன். எங்க சாரிட்டி சிஐஓ, சாரிட்டபிள் இன்கார்ப்பரேட்டட் ஆர்கனைசேஷன்னு தனி சட்ட அமைப்பா பதிவு பண்ணது, அதாவது சாரிட்டி பேர்லதான் கடன், அது முடியாம போனா சாதாரணமா ட்ரஸ்டி பாக்கெட்டுக்கு வராது. பழைய மாதிரி ட்ரஸ்ட் டீட் போட்டோ, சங்கமா பதிவு பண்ணியோ நடத்தறவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அவங்க முதல்ல இதை சரி பண்ணிட்டுத்தான் லோன் பக்கம் போகணும், தயவு செஞ்சு இதை லேசா எடுத்துக்காதீங்க.

சரி விலைக்கு வர்றேன், ரிவியூன்னா அதைத்தானே முதல்ல தேடுவாங்க. 40,000 லோன், அஞ்சு வருஷம், 8 சதவீதம், மாறாத வட்டி. முதல் ஆறு மாசம் வட்டி மட்டும், மாசம் 267 பவுண்ட், அப்புறம் 54 மாசம் அசலும் வட்டியும் சேத்து 884. அரேஞ்ச்மென்ட் ஃபீஸ் 2 சதவீதம், 800 பவுண்ட், அதை கைல கொடுக்கறப்பவே பிடிச்சுக்கிட்டாங்க, நாங்க 39,200தான் பாத்தோம், இதை எதிர்பாக்காம முழுசா வரும்னு ஆர்டர் போட்டுடாதீங்க. மொத்த வட்டி 9,360 பவுண்ட் வரும். 8 சதவீதம்னு கேட்டதும் எனக்கே பகீர்னுச்சு, ஆனா அப்ப பேங்க் ஆஃப் இங்கிலாந்து ரேட்டே 5.25ல நின்னுச்சு, ஈடு எதுவும் கேக்காம கொடுக்கற காசுக்கு அது அநியாய வட்டி இல்ல.

இதோட சேந்து 8,000 பவுண்ட் கிராண்டும் வந்துச்சு, திருப்பி தர வேண்டாத காசு. லோனும் கிராண்டும் கலந்து ஒரே பேக்கேஜா தர்றதை பிளெண்டட்னு சொல்றாங்க. இதுக்குன்னே 2015ல ஆக்செஸ்னு ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, அவங்க நடத்தின குரோத் ஃபண்ட்ல ஒரு லோன் 1,50,000 பவுண்டுக்கு மேல போகாது, சின்ன சாரிட்டிங்களுக்காகவே வெச்சது. ஏன் கிராண்ட் கலக்கறாங்கன்னா, 40,000 லோனுக்கும் நாலு லட்சம் லோனுக்கும் பேப்பர் வேலை ஏறக்குறைய ஒண்ணுதான், சின்ன லோன்ல வர்ற வட்டி அந்த வேலைக்கே பத்தாது, அதனால சின்ன தொகையை யாரும் தர மாட்டாங்க, அந்த ஓட்டையை அடைக்கத்தான் கிராண்ட். எங்க கணக்குல வட்டியும் ஃபீசும் 10,160, அதுல 8,000 கிராண்டை கழிச்சா அஞ்சு வருஷத்துக்கு உண்மையான செலவு 2,160. இப்படி எழுதி காட்டினதுக்கு அப்புறம்தான் கமிட்டில கை தூக்கினாங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். இந்த சர்வீஸ்ல எனக்கு காசை விட பெருசா பட்டது அவங்க கேட்ட கேள்விதான். ஒரு வியாழக்கிழமை லெண்டர்கிட்ட இருந்து ஒருத்தங்க ஹாலுக்கு வந்தாங்க, எல்லாரோடயும் உக்காந்து சோறு, பருப்பு, கத்தரிக்காய் பால்கறி, வல்லாரை சம்பல் எல்லாம் சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு கிச்சனுக்குள்ள வந்து எங்க தலைமை சமையல் அன்ரிகிட்ட கேட்டாங்க, இந்த ஒரு தட்டு சாப்பாட்டுக்கு உங்களுக்கு எவ்ளோ செலவாகுதுன்னு. அன்ரி என்னை பாத்தாங்க, நான் அன்ரியை பாத்தேன். "நான் ஒருநாளும் கணக்குப் பாக்கேல்லையே பிள்ளை, சாமான் வாங்குவம், சமைப்பம், குடுப்பம்"னாங்க. பதினோரு வருஷமா நடக்கற கிச்சன், ட்ரெஷரரா நான் நாலு வருஷம், எங்க யாருக்கும் அந்த ஒரு நம்பர் தெரியல. வருஷ கணக்கு சரியா இருக்கு, ஆடிட் சரியா இருக்கு, ஆனா ஒரு தட்டோட விலை தெரியல.

அந்த வாரமே ஞாயித்துக்கிழமை அன்ரி வீட்டு சாப்பாட்டு மேஜைல கேஷ் அண்ட் கேரி பில் எல்லாத்தையும் பரப்பி வெச்சு உக்காந்தோம். 20 கிலோ அரிசி மூட்டை எத்தனை தட்டுக்கு வருது, மைசூர் பருப்பு எத்தனை கிலோ போகுது, தேங்காய்ப்பால் எத்தனை டின், அன்ரிக்கு எல்லாம் கை அளவுலயே தெரியும், நான் அதை கிராமா மாத்தி எழுதினேன். சாமான் 1.90, ஹால் வாடகையும் கேஸும் 1.20, வேன் 85 பென்ஸ், டப்பா 25 பென்ஸ், சம்பளத்துக்கு இருக்கற ஒரே ஆளுக்கு 50 பென்ஸ். கூட்டினா 4.70. நாங்க வாங்கினது 4 பவுண்ட். வாரத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு 70 பென்ஸ் நஷ்டம், வருஷத்துக்கு 50 வாரம்னு வெச்சா 4,200 பவுண்ட். அந்த ஓட்டையை கோயில் நன்கொடையும், யாராவது அப்பா அம்மா நினைவு நாளுக்கு கொடுக்கற காசும், நன்கொடைக்கு அரசு திருப்பி தர்ற வரிப் பணமான கிஃப்ட் எய்டும் சத்தமில்லாம அடைச்சிட்டு இருந்திருக்கு. வேன் செலவு 85 பென்ஸ்ல பாதி யூலெஸுக்கே போயிருக்கு. அன்ரி அந்த பேப்பரை ரொம்ப நேரம் பாத்துட்டு, "அப்ப நாங்கள் கூடச் சமைச்சா கூட நட்டம்தானே"ன்னாங்க. ஆமா. அந்த ஒரு வரிலதான் இந்த லோன் விஷயமே இருக்கு. அதே விலைக்கு ஆளை மட்டும் கூட்டியிருந்தா, லோன் வாங்கி நஷ்டத்தை பெருசு பண்ணியிருப்போம்.

அப்புறம்தான் விலையை மாத்தினோம். முடிஞ்சவங்களுக்கு 5.50, முடியாதவங்களுக்கு பழைய 4, யாரு எதுன்னு பணம் வாங்கற பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும், டிக்கெட் ஒரே கலர். கவுன்சில்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) இருந்து அனுப்பற ஆளுங்களுக்கு தட்டுக்கு 6.50னு ஒப்பந்தம் பேசினோம். விலையை ஏத்தறப்ப யாராவது நின்னுடுவாங்களோன்னு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, ஆனா நின்னது மூணு பேர், அந்த மூணு பேர் வீட்டுக்கும் அன்ரி நேர்ல போய் பேசி கூட்டிட்டு வந்துட்டாங்க.

குறைக்கு வர்றேன். ரொம்ப மெதுவு. 2023 செப்டம்பர்ல முதல் ஃபோன், 2024 மார்ச்சுலதான் காசு. ஏறக்குறைய ஏழு மாசம். நடுவுல எங்க விஷயத்தை பாத்துக்கற ஆள் மூணு தடவை மாறிட்டாங்க, ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து மூணு வருஷ கணக்கு, கமிட்டி மினிட்ஸ், ரிசர்வ் பாலிசி, கேஷ் ஃப்ளோன்னு கேப்பாங்க, நான் திரும்ப அதே ஃபைலை அனுப்புவேன். மூணாவது தடவை எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா இதெல்லாம் நான் ஆஃபீஸ் முடிச்சு வந்து, பையனுக்கு சாப்பாடு போட்டுட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல பண்ற வேலை. அவங்க தாமதம் பண்ண அந்த 28 வாரத்துக்கு நாங்க யூலெஸ் கட்டினது மட்டும் 1,400 பவுண்ட். பாத்து வெச்ச வேனும் கைய விட்டு போயிடுச்சு, டீலர் எவ்ளோ நாள்தான் பிடிச்சு வெச்சிருப்பார், அடுத்து கிடைச்சது 900 பவுண்ட் கூட. பெரிய சாரிட்டின்னா இதுக்குன்னு சம்பளத்துக்கு ஆள் இருப்பாங்க, எங்களை மாதிரி இடத்துல ஒரு ஆளோட தூக்கம்தான் அந்த செலவு. சின்ன அமைப்புக்காகவே நடத்தற லோன்னு சொல்லிட்டு, பேப்பரை மட்டும் பெரிய அமைப்புக்கு கேக்கற மாதிரியே கேக்கறது தப்பு. இதை அவங்களுக்கே எழுதி அனுப்பியிருக்கேன், அதனால இங்கயும் சொல்றேன்.

காசு வந்ததுக்கு அப்புறம் எல்லாம் சுலபமா இருந்துச்சான்னா, இல்ல. ஏப்ரல்ல புது அடுப்பு வந்துச்சு, வேன் வந்துச்சு, வாரத்துக்கு அஞ்சு நாள், நாளுக்கு 90 சாப்பாடுன்னு கேஷ் ஃப்ளோல எழுதி கொடுத்திருந்தோம். ஜூன் மாசம் வரைக்கும் 55ஐ தாண்டல. வெயில் காலத்துல நிறைய பேர் பிள்ளைங்க கூட கனடா, யாழ்ப்பாணம்னு போயிடறாங்க, இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா எக்செல்ல பன்னெண்டு மாசத்துக்கும் ஒரே நம்பரை இழுத்து விட்டது நான்தான், அது என் தப்பு. கவுன்சில் காசு வேற மாசம் முடிஞ்சு பில் போட்டு 30 நாள் கழிச்சுத்தான் வரும். அந்த ஆறு மாசம் வட்டி மட்டும் கட்டினா போதும்னு இருந்ததுதான் எங்களை காப்பாத்துச்சு. ஜூலைல நானே லெண்டர்கிட்ட எங்க விஷயத்தை பாத்துக்கற அம்மாவுக்கு ஃபோன் பண்ணி நம்பர் வரல, இதுதான் நிலைமைன்னு சொன்னேன். பயந்துட்டேதான் பண்ணேன். அந்தம்மா திட்டல, அபராதம்னு எதுவும் பேசல, அக்டோபர் வரைக்கும் பாப்போம், அப்பவும் ஏறலன்னா தவணையை நீட்டி போட்டுக்கலாம்னு சொல்லி மெயில்லயும் எழுதி அனுப்பினாங்க. அன்னிக்கு அவங்க நடந்துக்கிட்ட விதத்துக்கு நான் தாராளமா மார்க் போடுவேன், சாதாரண பேங்க்ல இப்படி ஒரு மனுஷர்கிட்ட பேச கூட முடியாது.

நீட்ட வேண்டிய தேவை வரல, காரணம் இடியப்பம். புது அடுப்புல ஒரே நேரத்துல நிறைய தட்டு அவிக்க முடிஞ்சதும், பிறந்தநாள், சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு), அந்தியேட்டி (இறந்தவங்களுக்கு பண்ற சடங்கு)ன்னு வெளி ஆர்டர் வர ஆரம்பிச்சுச்சு, இடியப்பம், சொதி, ரோல்ஸ், வடை. செப்டம்பர்ல மட்டும் ஏழு ஆர்டர். ஆனா இதுலயும் ஒரு எல்லை இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. வயசானவங்களுக்கு சாப்பாடு கொடுக்கறது எங்க சாரிட்டியோட நோக்கம், அதுல வர்ற காசுக்கு பிரச்சனை இல்ல. பிறந்தநாள் ஆர்டர் எங்க நோக்கத்துல வராது, அது வெறும் வியாபாரம். எங்க அளவு சாரிட்டிக்கு அந்த மாதிரி வியாபார வரவு மொத்த வருமானத்துல 25 சதவீதத்துக்குள்ள இருந்தா லாபத்துக்கு வரி இல்ல. அதை தாண்டினா தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது வழியா பண்றதுதான் முறை. லெண்டர்தான் இதை முதல் மீட்டிங்லயே சொன்னாங்க. மாசா மாசம் நான் அந்த சதவீதத்தை பாக்கறேன், இப்ப 19ல இருக்கு.

அப்புறம் இம்பாக்ட் ஃபார்ம். காசு கட்டறதோட முடியாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரவு செலவு, வருஷத்துக்கு ஒரு தடவை என்ன நல்லது நடந்துச்சுன்னு ரிப்போர்ட். முதல் வருஷம் வந்த ஃபார்ம்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுச்சு, எத்தனை பேர் பயிற்சி முடிச்சாங்கன்னு கட்டம் கட்டமா கேட்டிருந்தாங்க. எண்பத்தி நாலு வயசு ஆளுக்கு நான் என்ன வேலை வாங்கி கொடுக்கறது? எல்லா கட்டத்துலயும் பூஜ்யம் போடறப்ப கை நடுங்குச்சு, நாம எதுவுமே செய்யலையோன்னு தோணுச்சு.

அந்த ஃபார்ம் நிரப்பின அதே மாசத்துல நடந்ததை சொல்றேன். சாப்பாடு கொண்டு போற தம்பி ஒரு வீட்டு வாசல்ல பெல் அடிச்சிருக்கான், திறக்கல. அந்த ஐயா எப்பவும் பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல்ல நிப்பாராம். டப்பாவை வாசல்ல வெச்சுட்டு போயிருக்கலாம், இன்னும் பதினாலு வீடு பாக்கி. அவன் போகல, லெட்டர் பாக்ஸ் மூடியை தூக்கி உள்ள கூப்பிட்டிருக்கான், சன்னமா ஒரு சத்தம் கேட்டிருக்கு. முந்தின நாள் ராத்திரியே பாத்ரூம்ல விழுந்து, எழுந்திருக்க முடியாம கிடந்திருக்கார். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கதவுக்கு வெளில உக்காந்து லெட்டர் பாக்ஸ் வழியாவே பேசிட்டு இருந்திருக்கான், நல்லூர் திருவிழா பத்தி. இப்ப ஐயா நல்லா இருக்கார், மறுபடியும் ஜன்னல்ல நிக்கறார். எங்க சாரிட்டி கொடுக்கறது பருப்பும் சோறும் மட்டும் இல்ல, தினமும் ஒரு ஆள் வந்து கதவை தட்டறதுதான். அதை எழுத அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட இல்ல.

இதை அப்படியே ரெண்டு பக்கம் எழுதி ஃபார்மோட சேத்து அனுப்பினேன். அவங்க கேட்டுக்கிட்டாங்க, அதை மறைக்க மாட்டேன். ரெண்டாவது வருஷம் நீங்களே உங்களுக்கு பொருந்தற அளவை சொல்லுங்கன்னாங்க. இப்ப நாங்க எண்ணறது ரெண்டே விஷயம், வாரத்துல எத்தனை நாள் அவங்க வீட்டுக்கு வேற யாருமே வரல, சாப்பாடு கொண்டு போனப்ப ஏதோ சரியில்லன்னு பாத்து பிள்ளைங்களுக்கோ டாக்டருக்கோ ஃபோன் பண்ணது எத்தனை தடவை. போன வருஷம் 23 தடவை.

வேற வழி இருக்கான்னு கேக்கறவங்களுக்கு, இருக்கு, ஆனா எல்லாம் எல்லாருக்கும் சரி வராது. கம்யூனிட்டி ஷேர்னு ஒண்ணு, ஊர்க்காரங்க ஆளுக்கு கொஞ்சம் போட்டு பங்கு வாங்கறது, எவ்ளோ போட்டாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. கிராமத்துல மூடப்போற கடை, பப் எல்லாம் இப்படித்தான் காப்பாத்தறாங்க. அதுக்கு கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டியா பதிவு பண்ணியிருக்கணும், எங்களை மாதிரி சிஐஓவால பங்கு விக்க முடியாது. நம்ம கோயில் கமிட்டில யாராவது இதை பேச ஆரம்பிச்சா ஹேஸ்டிங்ஸ் கடல் பாலத்து கதையை கட்டாயம் படிக்க சொல்லுங்க. ஏறக்குறைய 3,000 பேர் பங்கு வாங்கி, 2016ல திறந்து, 2017ல கட்டடக்கலைக்கு ஸ்டர்லிங் பரிசே வாங்கிச்சு, அதே வருஷம் நவம்பர்ல திவால் நிர்வாகத்துக்கு போயிடுச்சு, அடுத்த வருஷம் தனியார் கைக்கு வித்துட்டாங்க. ஊர் பாசத்துல போட்ட காசுன்னாலும் அது ரிஸ்க் உள்ள முதலீடுதான், வயசானவங்ககிட்ட வாங்கறப்ப அதை வாயால சொல்லி புரிய வெச்சுட்டு வாங்கணும்.

சோஷியல் இம்பாக்ட் பாண்ட்னு, அதாவது முதலீட்டாளர்கள் காசு போட்டு, சொன்ன பலன் கிடைச்சாத்தான் திரும்ப வாங்கற ஏற்பாடு பத்தி, எங்ககிட்டயும் ஒருத்தர் பேசினார். உலகத்துலயே முதல்ல அது 2010ல பீட்டர்பரோ சிறைல ஆரம்பிச்சது. 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்ட் போட்டாங்க, ஒரு வருஷத்துக்கும் குறைவான தண்டனை முடிச்சு வெளில வர்றவங்க திரும்ப குற்றம் பண்றது 7.5 சதவீதமாவது குறைஞ்சாத்தான் காசு திரும்ப வரும்னு ஒப்பந்தம், 9 சதவீதம் குறைஞ்சு 2017ல அசலும் வருஷத்துக்கு 3 சதவீதம் அளவுல லாபமும் கிடைச்சுச்சு. நல்ல ஏற்பாடுதான், ஆனா அளக்கறதுக்கே பெரிய ஆளுங்க வேணும், எங்க அளவுக்கு அது வேண்டவே வேண்டாம்னுட்டோம். காசு கொடுக்கற பக்கம் இருந்து யோசிக்கறவங்களுக்கு சாரிட்டி பேங்க் இருக்கு, 2002ல ஆரம்பிச்சது, பொதுமக்கள் போடற சேமிப்பை எடுத்து சாரிட்டிக்கும் சமூக நிறுவனத்துக்கும் மட்டும்தான் கடனா கொடுக்கறாங்க. சும்மா கிடக்கற சேமிப்பை எங்க வைக்கறதுன்னு யோசிக்கறவங்க அதையும் பாருங்க.

மார்க் கேட்டா அஞ்சுக்கு மூணரை போடுவேன். ஈடு கேக்காததுக்கும், கஷ்டத்துல மனுஷத்தனமா நடந்துக்கிட்டதுக்கும், அந்த தட்டு கேள்விக்கும் சேத்துத்தான் அந்த மூணரை. ஏழு மாச தாமதத்துக்கும் பேப்பருக்கும் ஒன்றரை போச்சு. மாசா மாசம் ஏதோ ஒரு வழில காசு உள்ள வர்ற சாரிட்டிக்கு, அதாவது டிக்கெட்டோ, ஃபீசோ, ஒப்பந்தமோ இருக்கற இடத்துக்கு, இது சரியா வரும். உண்டியலையும் வருஷத்துக்கு ஒரு கலை விழாவையும் மட்டும் நம்பி இருக்கற அமைப்பு இந்த பக்கம் வராதீங்க, தவணை தேதி விழா தேதிக்காக நிக்காது. கிராண்ட் கிடைச்சு கடனை அடைச்சுடலாம்னு யாராவது கமிட்டில சொன்னா அன்னிக்கே அந்த பேச்சை நிறுத்திடுங்க.

இப்ப நாளுக்கு 96 சாப்பாடு போகுது, ரிசர்வ் 22,000ல இருந்து 27,000க்கு வந்திருக்கு, 40 தவணை பாக்கி. போன வாரம் லெண்டர் அவங்களாவே மெயில் போட்டிருந்தாங்க, கோல்ட் ரூமுக்கு இன்னொரு லோன் வேணுமான்னு. அன்ரிக்கு அந்த கோல்ட் ரூம் மேல ஆசை, மீனையும் காய்கறியையும் மொத்தமா வாங்கி வெச்சா தட்டுக்கு 20 பென்ஸ் குறையும்னு அவங்களே பென்சில்ல கணக்கு போட்டு எடுத்துட்டு வந்தாங்க, நான் சரி பாத்தேன், கணக்கு சரிதான். ஆனா கவுன்சில் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது. அதை புதுப்பிச்ச லெட்டர் கைல வர்ற வரைக்கும் அப்ளிகேஷன் ஃபார்மை திறக்கறதில்லன்னு கமிட்டில எழுதி வெச்சிருக்கோம், அதுக்கு முதல் கை தூக்கினது அன்ரிதான்.